வயதுக்குச் சாட்சி யார்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., (விலங்கியல்)

மனிதரிடம் கேட்கப்படும் கேள்விகளுள் மிகவும் எளியது, ‘உன் வயது என்ன?’ என்பதுதான். பேசப் பழகிய குழந்தைகூட விரலை மடக்கிக் காட்டிப் பதில் சொல்லிவிடும். ஆனால் அதே கேள்வி, பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணைப் பற்றி நீதிமன்றத்தில் எழும்போது நிலைமையே மாறிவிடுகிறது. பெற்ற தாய் வந்து, “என் மகளுக்குப் பதினாறு வயசுங்க” என்று சொன்னால் மட்டும் போதாது. பள்ளித் தலைமையாசிரியர் வரவேண்டும், பதிவேடு வரவேண்டும், மருத்துவர் வரவேண்டும், எக்ஸ்ரே படம் வரவேண்டும். இவ்வளவும் வந்த பிறகும், ‘இவள் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவள் என்பது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை’ என்று தீர்ப்பு வருவதுண்டு.

சட்டம் படிக்கும் மாணவர்கள் எழுத வேண்டிய பொருளில் விலங்கியல் மாணவருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இந்த வழக்குகளில் கடைசிச் சாட்சியாக வந்து நிற்பது எலும்பு. எலும்பு எங்கள் பாடம். மேலும் இதில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் கலந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டம் கிழித்த கோடு

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது நாம் ‘போக்சோ’ என்று அழைக்கும் சட்டம், 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயது நிறையாத எவரும் அச்சட்டத்தின்படி குழந்தையே. குழந்தை என்று ஆகிவிட்டால், ‘அவள் சம்மதித்தாள்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அதுமட்டுமன்று, அடிப்படை உண்மைகளை அரசு தரப்பு நிறுவிவிட்டால், ‘நான் குற்றம் செய்யவில்லை’ என்று காட்டும் பொறுப்பு எதிரியின் தலையில் ஏறுகிறது. அந்த அடிப்படை உண்மைகளுள் முதலாவது வயது. வயது நிரூபணமாகாவிட்டால் போக்சோ என்னும் கட்டடம் அப்படியே சரிந்துவிடுகிறது. பிறகு எஞ்சுவது பொதுவான குற்றவியல் சட்டம். அங்கே அந்தப் பெண், ‘நான் இசையவில்லை’ என்பதை வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கு முன்னால் நின்று நிலைநாட்டியாக வேண்டும்.

ஏழு வயதுக் குழந்தையின் வழக்கில் எவரும் வயதைப் பற்றி வாதாடுவதில்லை. பார்த்தாலே தெரியும். தகராறு எல்லாம் பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில்தான்.

இந்தக் கோடு எப்போதும் பதினெட்டில் இருந்ததில்லை. 1860-ல் இந்திய தண்டனைச் சட்டம் எழுதப்பட்டபோது அது பத்து வயதில் இருந்தது. 1890-ல் கல்கத்தாவில், பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி கணவனால் மாண்டாள். அவள் பத்து வயதைத் தாண்டிவிட்டாள் என்ற ஒரே காரணத்தால் அவன்மீது வன்புணர்ச்சிக் குற்றம் சாட்ட முடியவில்லை. நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பின் பயனாக 1891-ல் கோடு பன்னிரண்டுக்கு நகர்ந்தது, 1925-ல் பதினான்கு, பின்னர் பதினாறு. போக்சோவும், அதையடுத்து 2013-ல் தண்டனைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமும் அதைப் பதினெட்டாக்கின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பதினெட்டுதான். நம் புதுக்கோட்டை மண்ணில் 1886-ல் பிறந்து, இங்குள்ள மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கிடையே ஒரே மாணவியாகப் பயின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை சட்டமன்ற மேலவையில் பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று வாதாடியவர். இந்த ஊர்க் கல்லூரி மலரில் இப்பொருளை எழுதும்போது அவரை நினையாமல் இருக்க முடியவில்லை.

கோட்டை நகர்த்தினார்கள், சரி. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறாளா, அந்தப் பக்கம் நிற்கிறாளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைப் பற்றி மிக நீண்ட காலம் தெளிவான விதி ஏதும் இருந்ததில்லை.

தேசாய்கஞ்ச்

1972 மார்ச் 26-ஆம் தேதி இரவு, மகாராஷ்டிர மாநிலம் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில், விசாரணைக்கு அழைக்கப்பட்ட பழங்குடிப் பெண் ஒருத்தியைக் காவலர் இருவர் கெடுத்தனர் என்பது வழக்கு. (அந்தப் பெண்ணின் பெயராலேயே நாடு அவ்வழக்கை அறியும், பெயரை நான் இங்கே எழுதவில்லை.) 1978-ல் உச்ச நீதிமன்றம், உடலில் காயம் இல்லை, கூச்சல் இல்லை, ஆகவே அவள் எதிர்க்கவில்லை என்ற முறையில் பேசி, காவலர்களை விடுதலை செய்தது. சட்டப் பேராசிரியர் நால்வர் 1979-ல் நீதிமன்றத்துக்கே பகிரங்கக் கடிதம் எழுதினர். பெண்கள் தெருவில் இறங்கினர். 1983-ல் சட்டமே திருத்தப்பட்டது. இவ்வளவும் பலரும் அறிந்த செய்தி.

பலர் கவனிக்காத செய்தி ஒன்று அதே வழக்கில் இருக்கிறது. அப்பெண்ணைச் சோதித்த மருத்துவர், வயது பதினான்குக்கும் பதினாறுக்கும் இடையில் இருக்கலாம் என்று கூறியிருந்தார். அன்று சட்டத்தின் கோடு பதினாறில் இருந்தது. பதினாறுக்குக் கீழ் என்று நிரூபணமாகியிருந்தால், கூச்சலிட்டாளா, காயம்பட்டாளா, எதிர்த்தாளா என்ற கேள்விகள் அனைத்தும் அர்த்தமற்றுப் போயிருக்கும். ஆனால் பதினாறுக்குக் கீழ் என்பதற்குத் திருப்தியான சான்று இல்லை என்று அமர்வு நீதிமன்றம் முதலிலேயே முடிவு கட்டிவிட்டது. அவளுடைய தாய் தந்தையர் அவள் சிறு வயதிலேயே இறந்து போனவர்கள். கூலி வேலை செய்து அண்ணனோடு வாழ்ந்தவள். அவள் பிறந்த நாளை யார் எங்கே எழுதி வைத்திருப்பார்கள்?

இந்திய நாட்டுப் பெண்கள் இயக்கத்தின் வரலாற்றையே திருப்பிய அவ்வழக்கு, ஒரு பிறந்த தேதி இருந்திருந்தால் வேறு விதமாக முடிந்திருக்கக்கூடும் என்பது என்னை உலுக்கிய உண்மை.

மூன்று படிகள்

இன்று விதி இருக்கிறது. ஆனால் சற்றுச் சுற்று வழியாக வந்த விதி. போக்சோ சட்டத்தின் 34-ஆவது பிரிவு, குழந்தையா அன்றா என்ற ஐயம் எழுந்தால் சிறப்பு நீதிமன்றமே அதைத் தீர்மானித்துக் காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. எவ்வாறு தீர்மானிப்பது என்பதற்கு நீதிமன்றங்கள் இளைஞர் நீதிச் சட்டத்தை நாடுகின்றன. அச்சட்டம், குற்றம் செய்ததாகக் கூறப்படும் சிறுவர்களையும், ஆதரவற்ற சிறுவர்களையும் மனத்தில் கொண்டு வகுத்தது. குற்றம் செய்த சிறுவனின் வயதுக்கு ஓர் அளவுகோலும், குற்றத்துக்கு ஆளான சிறுமியின் வயதுக்கு வேறோர் அளவுகோலும் இருக்க நியாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் அரியானா வழக்கொன்றில் கூறியது. அதுமுதல் இருவருக்கும் ஒரே வழிதான்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 94-ஆவது பிரிவில் மூன்று படிகளை வைத்திருக்கிறது. முதற்படி, பள்ளி அளிக்கும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புத் தேர்வு வாரியம் அளிக்கும் சான்றிதழ். அது இல்லையென்றால், மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ கொடுக்கும் பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் மூன்றாம் படியாகிய எலும்புச் சோதனை அல்லது வேறு மருத்துவச் சோதனை.

இந்த வரிசையைப் படித்தபோது எனக்கு முதலில் வியப்பே ஏற்பட்டது. பிறந்தபோது எழுதிய சான்று இரண்டாம் இடத்தில். பிறந்து ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் எழுதிய சான்று முதல் இடத்தில்! நம் நாட்டில் பிறப்பைப் பதியாத குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் ஏதோ ஒரு தேதி எழுதப்பட்டே தீரும் என்பதால் இப்படி வைத்திருக்கலாம். காரணம் எதுவாயினும், பள்ளிப் பதிவேட்டின் அந்த ஒரு கட்டத்தில் ஆசிரியர் எழுதும் தேதி, ஒரு பெண்ணின் தலைவிதியையே எழுதுவது போலாகிறது.

வாத்தியார் எழுதிய தேதி

இனி எங்கள் வீட்டுக் கதை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பாட்டி, 1991-இலும் 92-இலும் நம் மாவட்டத்தையே எழுத்துக் கூட்ட வைத்த அறிவொளி இயக்கத்தின் வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றவள். தன் வயதை மட்டும் அவளால் எழுத முடிந்ததில்லை. என் தாய் 1977 நவம்பர்ப் புயலின்போது தொட்டில் குழந்தை என்பதுதான் அவள் வயதுக்கு உள்ள ஒரே ஆதாரம். குடும்ப அட்டையில் அவளுக்கு ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ஆதாரில் இன்னொரு வயது. மூன்றும் அரசாங்க முத்திரை பெற்றவையே.

என் அக்காள் வீட்டில் பிறந்தவள். அப்போது பெற்றோர் செங்கல் சூளை வேலையில் ஊர்விட்டு ஊர் சென்றுகொண்டிருந்ததால் பிறப்பைப் பதியவில்லை. அவளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற கணக்குக்காக, வாத்தியார் மே மாதத்தில் ஒரு நாளைப் போட்டுக்கொண்டார். “ஐப்பசி அடமழையில பொறந்தா அவ. தீவாளி முடிஞ்சு மூணாம் நாளு. வாத்தியாரு மே மாசம்னு எழுதிக்கிட்டாரு, நாங்களும் தலையாட்டிட்டு வந்துட்டோம்” என்று அம்மா இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்த ஆசிரியரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சேர்க்காமல் திருப்பி அனுப்பியிருந்தால் அக்காள் அந்த ஆண்டும் சூளைக்குத்தான் போயிருப்பாள். பள்ளியில் மதிய உணவாவது கிடைத்தது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சான்றிதழின்படி அக்காளுக்குப் பதினெட்டு நிறைந்தது மே மாதத்தில்; உண்மையில் நிறைந்தது ஐப்பசியில். இடைப்பட்ட ஐந்து மாதங்கள் அவள் உண்மையில் குழந்தை. காகிதத்தில் வயது வந்த பெண். அந்த ஐந்து மாதங்களும் எங்கள் வீட்டில் ஒரு தீங்குமின்றிக் கழிந்தன. எல்லா வீடுகளிலும் அப்படிக் கழிவதில்லை. (இதற்கு எதிர்த்திசையும் உண்டு. பின்னால் வேலைக்கு வயது வரம்பு இடிக்குமே என்று ஓராண்டு குறைத்து எழுதும் பெற்றோரும் உண்டு.) எங்கள் வகுப்பிலேயே மே, ஜூன் மாதங்களில் பிறந்தநாள் கொண்டாடுபவர்கள் மற்ற மாதக்காரர்களைவிட அதிகம். குழந்தைகள் பள்ளி திறக்கும் பருவத்தைப் பார்த்துப் பிறப்பதாக விலங்கியலில் எங்கும் படித்ததில்லை!

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் உறுதியான ஆவணம் என்கிறோம். அதிலுள்ள தேதி எங்கிருந்து வருகிறது? பள்ளி அனுப்பும் பெயர்ப் பட்டியலிலிருந்து. பட்டியல்? சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து. ஆகவே, ஒரே தேதி மூன்று காகிதங்களில் இருப்பதால் அது மூன்று மடங்கு உண்மையாகிவிடாது. இதை நீதிமன்றங்களும் உணர்ந்தே இருக்கின்றன. 1988-ல் ராஜஸ்தான் தேர்தல் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், பள்ளிப் பதிவேட்டிலுள்ள தேதி எந்த ஆதாரத்தில், யார் சொல்லி எழுதப்பட்டது என்று காட்டப்படாவிட்டால் அதற்கு மதிப்பில்லை என்று சொன்னது.

இரண்டு தமிழ்நாட்டு வழக்குகள்

அந்தக் கருத்து நம் மாநில வழக்கொன்றில் வந்து விடிந்ததைப் பார்ப்போம். சம்பவம் நடந்தது 1993 ஜூலை 31. பெண்ணின் மாற்றுச் சான்றிதழில், அதாவது டி.சி.யில், பிறந்த தேதி 15-6-1977 என்று இருந்தது. அரசுப் பள்ளி கொடுத்த சான்றிதழ்தான். தலைமையாசிரியர் கையெழுத்தும் இருந்தது. ஆனால் அந்தத் தலைமையாசிரியரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கவில்லை. பெண்ணின் தந்தையும் சாட்சியம் சொன்னபோது அந்தத் தேதியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. 2011-ல் உச்ச நீதிமன்றம், சான்றிதழை ஏற்கலாம், ஆனால் எந்த ஆதாரத்தில் அத்தேதி எழுதப்பட்டது என்பது தெரியாத நிலையில் அதனால் பயனில்லை என்றது. அந்தத் தேதியையே எடுத்துக்கொண்டாலும் சம்பவத்தன்று அவளுக்கு 16 ஆண்டு, 1 மாதம், 16 நாள் என்றும் சுட்டிக்காட்டியது. அன்றைய கோடு பதினாறு. நாற்பத்தாறு நாள் வித்தியாசத்தில் அவள் கோட்டைக் கடந்துவிட்டாள். எதிரிகள் விடுதலை ஆயினர். அந்த ஜூன் 15 அவள் உண்மையாகவே பிறந்த நாளாக இருக்கலாம். பள்ளி திறக்கும் மாதம் என்பதால் எனக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல்.

அடுத்தது, 2023 ஜூலை 18-ல் தீர்ப்பான வழக்கு. இதுவும் தமிழ்நாட்டிலிருந்து சென்றதே. நீதிபதிகள் எஸ்.ரவீந்திர பட், அரவிந்த் குமார் ஆகியோர் விசாரித்தனர். இங்கும் வயதுக்கு ஆதாரமாக வந்தது பள்ளியின் மாற்றுச் சான்றிதழ். 94-ஆவது பிரிவின் மூன்று படிகளிலும் ‘மாற்றுச் சான்றிதழ்’ என்ற சொல்லே இல்லை என்று நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் வேறு. ஒரு பள்ளியை விட்டு மற்றொரு பள்ளிக்குப் போகத் தரும் சான்றிதழ் வேறு. ஊராட்சிப் பிறப்புச் சான்றும் கோப்பில் இல்லை. ஆகவே மிஞ்சியது மூன்றாம் படி. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் பதினெட்டுக்கு மேல், இருபதுக்குள் என்று கருத்துச் சொல்லியிருந்தார். போக்சோ குற்றச்சாட்டு நிலைக்கவில்லை.

இவ்விரு வழக்குகளிலும் நடந்தது என்ன என்று ஊகிக்க நான் முற்படவில்லை. வயதை நிரூபிக்கும் பொறுப்பு அரசு தரப்பினுடையது. ஐயம் எழுந்தால் அதன் பயன் எதிரிக்கே. அதில் தவறில்லை. ஆனால் ஒரு தலைமையாசிரியரைப் பதிவேட்டுடன் அழைத்து வருவதும், டி.சி.க்குப் பதிலாகப் பிறந்த தேதிச் சான்றிதழ் வாங்குவதும், ஊராட்சிச் சான்று தேடுவதும் புலனாய்வு அதிகாரி ஓரிரு நாளில் செய்யக்கூடியவை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து டெல்லிவரை சென்று, அங்கே போய் ‘காகிதம் சரியில்லை’ என்று தெரியவருவது கொடுமையிலும் கொடுமை.

எலும்பு சொல்லும் கணக்கு

பள்ளிக்கூடமே போகாத பெண்ணுக்கு முதற்படி இல்லை. சூளையிலோ வயலோரக் குடிசையிலோ பிறந்து பதியப்படாதவளுக்கு இரண்டாம் படியும் இல்லை. தீங்குக்கு எளிதில் ஆளாகக்கூடியவர்களும் அவர்கள்தாம். அவர்களுக்கு எலும்பே துணை. அந்த எலும்பு எவ்வளவு நம்பகமான சாட்சி என்று பார்ப்போம்.

குழந்தையின் நீண்ட எலும்பு ஒவ்வொன்றும் ஒரே துண்டன்று. நடுத்தண்டு ஒன்று, முனைகள் தனி. இரண்டுக்கும் இடையே குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அந்தத் தட்டில் செல்கள் பெருகிக்கொண்டே இருப்பதால்தான் எலும்பு நீள்கிறது, நாம் உயரமாகிறோம். எக்ஸ்ரே படத்தில் குருத்தெலும்பு பதிவதில்லை; ஆகவே தண்டுக்கும் முனைக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி தெரியும். பருவ வளர்ச்சி முடியும் தறுவாயில் அத்தட்டு முழுவதும் எலும்பாக மாறி, முனை தண்டோடு ஒட்டிக்கொள்கிறது. இடைவெளி மறைந்துவிடுகிறது.

எல்லா மூட்டுகளும் ஒரே காலத்தில் ஒட்டுவதில்லை என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். பெண்களுக்கு முழங்கை ஏறத்தாழப் பதின்மூன்றிலிருந்து பதினாறுக்குள் ஒட்டிவிடும். மணிக்கட்டு பதினாறு, பதினெட்டு வாக்கில். இடுப்பெலும்பின் மேல் விளிம்பு அதற்கும் சற்றுப் பின்னால். காறை எலும்பின் உள்முனை இருபதைக் கடந்த பிறகே முழுதும் ஒட்டும். ஆண்களுக்கு ஒவ்வொன்றும் ஓரிரு ஆண்டு பிந்தும். ஆகவே முழங்கை, மணிக்கட்டு, தோள், இடுப்பு ஆகிய இடங்களைப் படமெடுத்து, எது ஒட்டியிருக்கிறது, எது ஒட்டவில்லை என்று ஒப்பிட்டு மருத்துவர் ஒரு கணிப்புக்கு வருகிறார். பல்லையும் பார்ப்பார்கள். இரண்டாம் கடைவாய்ப்பல் பன்னிரண்டு, பதினான்கில் முளைத்துவிடும். ஞானப்பல் பதினேழிலிருந்து இருபத்தைந்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். சிலருக்கு வருவதே இல்லை.

கவனிக்க வேண்டியது, எலும்பு சொல்வது ஒரு பருவத்தை, தேதியை அன்று. ஒரு மரத்தைப் பார்த்து, ‘இது பூக்கும் பருவம்’ என்று சொல்லலாம். எந்தக் கிழமை நட்டது என்று சொல்ல முடியுமா? பதினேழு ஆண்டு பதினோரு மாதத்தையும் பதினெட்டு ஆண்டு ஒரு மாதத்தையும் பிரித்துக் காட்டும் எலும்பு மனித உடம்பில் இல்லை. சட்டமோ அந்தப் பிரிவினையைத்தான் கேட்கிறது.

ஒப்பிடும் அட்டவணைகளின் கதையும் சுவையானது. உலகெங்கும் புகழ்பெற்ற கிரூலிச்–பைல் மணிக்கட்டுப் படத்தொகுப்பு, 1931-க்கும் 1942-க்கும் இடையில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வாழ்ந்த வசதியான வெள்ளைக்காரக் குழந்தைகளின் படங்களைக் கொண்டு உருவானது. நம் நாட்டு நூல்கள் காட்டும் அளவுகளில் புகழ்பெற்றவை, கால்ஸ்டான் என்பவர் வங்காளத்தில் ஆராய்ந்து 1937-ல் வெளியிட்டவை. கறம்பக்குடிப் பக்கத்திலோ கந்தர்வகோட்டைப் பக்கத்திலோ கடலைக்கொல்லையில் களையெடுத்து வளர்ந்த, இரத்தசோகையுள்ள ஒரு பெண்ணின் மணிக்கட்டை இவற்றோடு ஒப்பிட்டு வயது சொல்ல வேண்டியிருக்கிறது. சத்துக்குறைவும் நோயும் எலும்பு முதிர்வதைப் பிந்தச் செய்யும் என்பது பாடப்புத்தகத்திலேயே உள்ளது.

ஆகவேதான் உச்ச நீதிமன்றம் 1982-ல் ஜம்மு காஷ்மீர் வழக்கொன்றில், எக்ஸ்ரே கொண்டு கணித்த வயதில் இரு பக்கமும் இரண்டாண்டு பிழை இருக்கலாம் என்பதை அனைவரும் அறிவர் என்று குறித்தது. நாற்பது ஆண்டுக்கு மேலாக அந்த ‘இரண்டாண்டு’ நீதிமன்றங்களில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

ஒரே எலும்பு, இரண்டு வயது

இங்கேதான் என் மனம் சமாதானம் அடையாத இடம் வருகிறது. ஒரு மருத்துவர், ‘வயது 16 முதல் 18’ என்று அறிக்கை கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பையனின் அறிக்கையானால், ஐயத்தின் பயனை அவனுக்கே தந்து, கீழ் எல்லையைப் பிடித்து, அவன் சிறுவன் என்று கொள்வதே நீதிமன்றங்களின் போக்கு. அதே அறிக்கை குற்றத்துக்கு ஆளான பெண்ணுடையதானால்? ஐயத்தின் பயன் எதிரிக்கு. 2024 ஜூலை 2-ல் டெல்லி உயர் நீதிமன்றம், போக்சோ வழக்குகளில் மேல் எல்லையையே எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கும் மேல் இரண்டாண்டைக் கூட்டவும் வேண்டும் என்று விடையளித்தது. அதாவது பதினெட்டோடு இரண்டு, இருபது!

எலும்பு ஒன்றே. பையனுடையதானால் பதினாறு, பெண்ணுடையதானால் இருபது. 2013-ல் ‘இருவருக்கும் ஒரே அளவுகோல்’ என்று சொல்லப்பட்டதை மறுபடி நினைத்துப் பாருங்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டு முடிவுக்கும் நியாயம் இருக்கிறது. ஐயத்தின் பேரில் எவரையும் பத்தாண்டு, இருபதாண்டு சிறைக்கு அனுப்பக் கூடாது என்பது நாகரிகச் சமுதாயத்தின் அடிப்படை. ஆனால் அந்த ஐயம், காகிதம் இல்லாத ஏழைப் பெண்ணின் வழக்கில் மட்டுமே பிறக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் பிறந்து, பிறப்புச் சான்றோடு பள்ளியில் சேர்ந்தவளின் எலும்பை யாரும் படமெடுப்பதில்லை.

இன்னொரு வகை வழக்குகளும் இருக்கின்றன. அவற்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பி ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். பெண்ணின் பெற்றோர் புகார் கொடுக்கிறார்கள். சில வேளைகளில் சாதி வேறு குறுக்கே நிற்கிறது. அங்கும் வழக்கு முழுவதும் ஒரு பிறந்த தேதியின்மேல் நிற்கிறது. அங்கே தேதி பெண்ணுக்கு எதிராகவே பயன்படுத்தப்படுகிறது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றமே, பதினாறு வயதைக் கடந்தவர்களின் விருப்ப உறவை வேறு விதமாகக் கருதச் சட்டம் திருத்தப்படலாம் என்று யோசனை கூறியது. சட்டம் திருத்தப்படவில்லை. இவ்வழக்குகளில் வயது சற்று மங்கலாக இருப்பதே நல்லது என்று என் தோழர் ஒருவர் வாதாடினார். எனக்கு உடன்பாடில்லை. கோடு எங்கே இருக்க வேண்டும் என்பது ஒரு விவாதம். அவள் எங்கே நிற்கிறாள் என்பது வேறு விவாதம். முன்னதைப் பாராளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். பின்னதற்கு உண்மையான தேதி வேண்டும்.

பதிவேடு

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இலேயே வந்துவிட்டது. பிறந்த 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். கிராமங்களில் முன்பு கர்ணமும் மணியக்காரரும் வைத்திருந்த பிறப்புக் கணக்கு, 1980-ல் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டபின் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. ஓராண்டுக்குமேல் தாமதமானால் குற்றவியல் நடுவரின் ஆணை பெற வேண்டும் என்று நெடுங்காலம் இருந்தது. 2023-ல் திருத்தப்பட்ட பின், அந்த ஆணையை வருவாய்த் துறை அதிகாரிகளே தரலாம். கூலி வேலையை விட்டுக் கோர்ட்டுக்கு அலைய அஞ்சி விட்டுவிட்ட எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது பெரிய எளிமை. பெயரில்லாமல் பதிந்த பிறப்புக்குப் பதினைந்து ஆண்டுக்குள் பெயரையும் சேர்க்கலாம்.

‘ஆதார்தான் எல்லாரிடமும் இருக்கிறதே’ என்பார்கள். பலரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம். 2024 அக்டோபரில், விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், ஆதார் ஆளை அடையாளம் காட்டுமேயன்றிப் பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று தெளிவுபடுத்திவிட்டது. 94-ஆவது பிரிவின் படிகளிலும் அது இல்லை.

அதே 2023 திருத்தம் இன்னொன்றையும் செய்திருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்வது முதல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம். அக்குழந்தைகள் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது, வாத்தியார் தேதி போட்டுக்கொள்ளும் வழக்கம் முடிவுக்கு வந்தாக வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்களுள் கடைசிக் குழந்தைக்குப் பதினெட்டு நிறைவது 2041 இலையுதிர்ப் பருவத்தில், எங்கள் அம்மா கணக்கில் புரட்டாசியில். அதுவரை புதுக்கோட்டை மகளிர் நீதிமன்றத்தின் படிகளில், பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைமையாசிரியர்கள் ஏறிக்கொண்டுதான் இருப்பார்கள். “இந்தத் தேதியை யார் சொல்லி எழுதினீர்கள்?” என்று எதிரித் தரப்பு வழக்கறிஞர் கேட்பார். எழுதியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.